நாக்கின் வரைபடமும் ஒயின் கோப்பையும்: ஒரு பண்டத்தின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

போர்தோ சிவப்பு ஒயினுக்கு உயரமான, வயிறு அகன்ற கிளாஸ். பர்கண்டிக்கு பலூன் மாதிரி உருண்டு வாய் குவிந்தது. வெள்ளை ஒயினுக்கு அதைவிடச் சிறியது. ஷாம்பெயினுக்குக் குழல்போல ஒடுங்கியது. ஒயின் பற்றிய கையேடு எதைத் திறந்தாலும் இந்தப் பட்டியல் உண்டு. பல சமயம் காரணமும் கூடவே வரும்: இனிப்பு, புளிப்பு, கசப்பு என்று பிரிந்து கிடக்கும் நாக்கில் ஒயின் எந்த இடத்தில் முதலில் விழவேண்டும் என்பதைக் கோப்பையின் விளிம்புதான் தீர்மானிக்கிறதாம். ஆக, இது உடலின் விதி; கேள்விக்கு இடமில்லை. ஒரு பழக்கம் தன்னை இயற்கை என்று சொல்லிக்கொள்ளும்போது அதற்கு வரலாறு உண்டா என்று கேட்டுப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

1

1291இல் வெனிஸ் குடியரசு தன் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றச் சொன்னது. தீப்பிடிக்கும் என்கிற பயம் ஒரு காரணம். ஆனால் உலைகளோடு சேர்ந்து தொழில் ரகசியமும் தீவுக்குள் அடைபட்டது. ஊரைவிட்டுப் போய் வேறெங்கும் தொழில் செய்வது கண்ணாடி ஊதுகிறவனுக்குக் குற்றமானது. நிறமற்ற 'கிரிஸ்டல்லோ' கண்ணாடி 15ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கேதான் உருவானது. வாயில் ஊற்றிக்கொள்ளும் பண்டமாயிருந்த ஒயின், கண்ணால் பார்க்கிற பண்டமாகவும் ஆனது. தெளிவான அந்தக் கோப்பைக்குப் பின்னால் வெளியேற முடியாத ஒரு தொழிலாளி இருந்தான்.

இங்கிலாந்தில் கதை வேறு. போர்க்கப்பலுக்கு மரம் வேண்டும் என்று 1615இல் கண்ணாடி உலைகளில் விறகு எரிப்பதை முதலாம் ஜேம்ஸ் மன்னர் தடைசெய்தார். உலைகள் நிலக்கரிக்கு மாறின. 1674இல் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் புதிய கண்ணாடி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஈய ஆக்சைடு கலந்து கனத்த, பளபளக்கிற கண்ணாடி இந்த முயற்சியிலிருந்து வந்ததுதான். அதில் தடித்த தண்டுள்ள ஒயின் கோப்பைகள் செய்தார்கள்.

1745இல் பிரிட்டிஷ் அரசு கண்ணாடிக்கு வரி போட்டது. யுத்தச் செலவுக்குப் பணம் தேவைப்பட்ட காலம் அது. வரி, மூலப்பொருளின் எடைக்கு. விளைவு? கோப்பைகள் இளைத்தன. தண்டு மெலிந்தது; கனம் இழந்ததை ஈடுகட்ட, தண்டுக்குள் காற்றிழைகளைத் திருகிவிட்டு அழகு காட்டினார்கள். இன்று பழம்பொருள் ஏலங்களில் 'நேர்த்தி' என்று புகழப்படும் வடிவத்தில் வரி அதிகாரியின் தராசுக்கும் பங்குண்டு. 1845இல்தான் அந்த வரி ஒழிந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒயின் கிளாஸின் சராசரிக் கொள்ளளவு 66 மில்லி லிட்டர். இப்போது 449. நாக்கு அதே நாக்குதான்.

2

சரி, ஒவ்வொரு ஒயினுக்கும் தனிக் கோப்பை எப்போது வந்தது? பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், வசதியான வீடுகளில்கூட, கோப்பை மேசைமேல் இருக்காது. விருந்தாளி கண்ணசைத்தால் பணியாள் ஒரு கோப்பையில் ஒயின் கொண்டுவருவான். குடித்து முடித்ததும் எடுத்துப்போய் அலசி வைப்பான். கோப்பைகளை விளிம்பில் தொங்கவிட்டு நீரில் குளிரவைப்பதற்கென்றே 'மான்டீத்' என்று பல்வரிசை விளிம்புள்ள ஒரு கிண்ணம் 1683 வாக்கில் இங்கிலாந்தில் வந்திருந்தது. எந்த ஒயின் வந்தாலும் அலசப்பட்ட கோப்பை போதும்.

19ஆம் நூற்றாண்டில் இது மாறியது. எல்லாப் பதார்த்தங்களையும் ஒரேயடியாக மேசையில் பரப்பிவைக்கும் பிரெஞ்சு முறை போய், ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் 'ருஷ்ய முறை' வந்தது. 1810இல் பாரிஸிலிருந்த ருஷ்யத் தூதர் குராகின் இதை அறிமுகப்படுத்தினார் என்பார்கள். பதார்த்தங்கள் வரிசையில் வந்தால் ஒயினும் வரிசையில் வரவேண்டும். செர்ரிக்கு, ஜெர்மன் வெள்ளைக்கு, கிளாரட்டுக்கு, ஷாம்பெயினுக்கு, போர்ட்டுக்கு என்று தட்டின் வலப்பக்கம் கோப்பைகள் அணிவகுத்தன. தொழிற்புரட்சியில் பணம் சேர்த்த புதிய நடுத்தர வர்க்கம் அந்த மேசைக்கு வந்து உட்கார்ந்தது இதே காலத்தில்தான். எந்தக் கோப்பையில் கை வைக்கிறாய் என்பது நீ எங்கிருந்து வருகிறாய் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ரசனை என்பது தன்னை வகைப்படுத்திக்கொள்ளும் செயல் என்று பியர் பூர்தியு 1979இல் விரிவாக எழுதினார். மேசையில் கோப்பை அதை நூறு வருஷம் முன்பே செய்து காட்டிவிட்டது.

அந்தக் கோப்பைகளை யார் செய்தார்கள்? 'மூலதனம்' முதல் தொகுதியின் (1867) வேலைநாள் அத்தியாயத்தில், கண்ணாடி ஆலைகளில் ராத்திரி வேலை பார்த்த சிறுவர்களைப் பற்றி ஒரு அடிக்குறிப்பு இருக்கிறது. அதன் முடிவில் மார்க்ஸ் கண்ணாடி முதலாளி ஒருவரை வரைகிறார்: போர்ட் ஒயின் ஏறிய போதையில், 'பிரிட்டிஷ்காரன் அடிமையாக மாட்டான்' என்கிற பாட்டை முனகிக்கொண்டு கிளப்பிலிருந்து தள்ளாடி வீடு திரும்புகிறவர். போர்ட்டும் கண்ணாடியும் குழந்தை உழைப்பும் ஒரே அடிக்குறிப்பில்.

3

இன்றைய விதிக்கு வருவோம். 1958இல் ஆஸ்திரியாவின் கிளவுஸ் ரீடல் பர்கண்டி ஒயினுக்கென ஒரு பெரிய கோப்பை வடிவமைத்தார். 1973இல் 'சோமெலியே' என்ற பெயரில் வெவ்வேறு ஒயின்களுக்கென வெவ்வேறு கோப்பைகளின் வரிசையைக் கொண்டுவந்தார். பழைய அலங்காரங்களை, நிறங்களை, வெட்டுச் சித்திரங்களைக் கழித்துவிட்ட வடிவங்கள் அவை. அழகானவையும்கூட. விற்க ஒரு விஞ்ஞானம் தேவைப்பட்டபோது நாக்கின் வரைபடம் கை கொடுத்தது.

அந்த வரைபடத்தின் மூலம் 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் செய்த ஆய்வு. நாக்கின் விளிம்பில் இடத்துக்கு இடம் உணர்திறனில் சிறு வேறுபாடு இருப்பதாக அவர் சொன்னார், அவ்வளவுதான். 1942இல் எட்வின் போரிங் தன் நூலில் அதை வரைபடமாக்கியபோது அந்தச் சிறு வேறுபாடு பிரிவினைக் கோடாக வாசிக்கப்பட்டது. 1974இல் வர்ஜீனியா காலிங்ஸ் மறுபடி சோதித்தார். எல்லாச் சுவையும் எல்லா இடத்திலும் தெரிகிறது, வித்தியாசம் அற்பம். புதிய கோப்பை வரிசை வந்த அடுத்த வருஷமே அதன் விஞ்ஞானம் விழுந்துவிட்டது. விற்பனை விழவில்லை.

அப்படியானால் வடிவத்துக்கு அர்த்தமே இல்லையா? இருக்கிறது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கினுடையது. குவிந்த வாய் வாசனையைப் பிடித்து நிறுத்தும். 2015இல் டோக்கியோவில் கோப்பையிலிருந்து எழும் ஆல்கஹால் ஆவியைப் படம் பிடித்தார்கள். 13 டிகிரியில், ஒயின் கிளாஸில் மட்டும் ஆவி விளிம்போரம் வளையமாகக் கூடி நடுப்பகுதியில் குறைந்திருந்தது. இது பௌதிகம். ஆனால் இது குவிந்த வாயுள்ள ஒரு கோப்பைக்கான நியாயம். அலமாரி நிறையக் கோப்பைகளுக்கான நியாயம் இதிலிருந்து கிடைக்காது.

வேடிக்கை என்னவென்றால், ஒயினை மதிப்பிடுவதற்கென்றே ஒரு சர்வதேசத் தரக் கோப்பை 1977லிருந்து இருக்கிறது: ஐஎஸ்ஓ 3591. முட்டை வடிவம், சுமார் 215 மில்லி லிட்டர் கொள்ளளவு, ஊற்றுவது 50 மில்லி லிட்டர். சிவப்போ வெள்ளையோ ஒன்றே ஒன்றுதான். காரணம் எளிது: ஒப்பிட வேண்டுமானால் பாத்திரம் மாறக்கூடாது. ஒயினை எடைபோடும் இடத்தில் ஒரு கோப்பை போதும். ஒயின் குடிக்கிற ஆளை எடைபோடும் இடத்தில்தான் பல கோப்பைகள் தேவைப்படுகின்றன.

வீட்டில் ஒயின் குடிக்கிறவர்கள் வாய் குவிந்த ஒரு கோப்பை வாங்கி, பாதிக்குக் கீழே ஊற்றிக்கொண்டால் போதும். மிச்சமுள்ள வடிவங்களை ஆசைக்காக வாங்கலாம், தப்பில்லை. ஆனால் 'நாக்கு கேட்கிறது' என்று மட்டும் சொல்லவேண்டாம். நாக்கு கேட்கவில்லை. கேட்டது கப்பற்படை, வரி அதிகாரி, விருந்து மேசை, கடைசியாக விற்பனைப் பிரிவு. உலையில் நின்றவனையும் கோப்பை அலசினவனையும் யாரும் கேட்கவில்லை.