கொல்லைக் குழியும் குடிகிணறும்: திருவேட்டக்குடி மணலில் நைட்ரேட் மதிப்பீடு

கிணற்று நீரில் நைட்ரேட் மிகுந்துவிட்டால் உடனே யூரியா மூட்டையைக் கைகாட்டுவது ஆய்வாளர் வழக்கம். காவிரிக் கடைமடையில், அதிலும் காரைக்கால் கடலோரத் திருவேட்டக்குடி போன்ற ஊரில், வீட்டுமனை ஒன்றை மதிப்பிடுகிறவர் முதலில் பார்க்கவேண்டியது வயலை அன்று, கொல்லைப்புறத்தை என்பதே என் வாதம்.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாடெங்கும் எடுத்த மாதிரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 37 விழுக்காட்டுக்கும் மேல். இந்தச் சராசரியைக் கடைமடை நெல்வயலுக்கு அப்படியே பொருத்த முடியாது. நீர் கட்டிய சம்பா வயலின் சேற்றில் ஆக்சிஜன் இல்லை. இட்ட யூரியாவில் ஒரு பகுதி அம்மோனியாவாகப் பறந்துவிடும். நைட்ரேட்டான பகுதியையும் சேற்று நுண்ணுயிரிகள் பெரும்பாலும் வாயுவாக்கிவிடும். அடியில் களி இருந்தால் கசிவு இன்னும் குறைவு. மணலில் உரமிட்டு நீர் இறைக்கும் காய்கறித் தோட்டம் வேறு கதை.

கொல்லையிலுள்ள கழிப்பறைக் குழியின் கணக்கைப் பார்ப்போம். சம்பாவுக்குப் பரிந்துரைக்கப்படும் தழைச்சத்து (நைட்ரஜன்) ஹெக்டேருக்கு 150 கிலோ, அதாவது சதுர மீட்டருக்கு 15 கிராம். நம் நாட்டு உணவுப் பழக்கத்தில் ஒருவர் ஆண்டுக்குக் கழிக்கும் நைட்ரஜன் இரண்டரை முதல் மூன்று கிலோ. ஐந்து பேர் குடும்பத்துக்குப் 13 கிலோ என்று கொண்டால், அது 45 கிலோ யூரியா மூட்டையிலுள்ள நைட்ரஜனில் பாதிக்கும் மேல். அத்தனையும் இரண்டு சதுர மீட்டர் குழிக்குள் ஆண்டுதோறும் இறங்குகிறது. கசடிலும் காற்றிலும் பாதி போனாலும், வயலைப்போல் 200 மடங்குச் சுமை. ‘செப்டிக் டேங்க்’ என்று வீட்டார் சொல்வது பல இடங்களில் அடி திறந்த சிமெண்ட் உறைகள்தாம். அருகிலேயே மாட்டுக்கொட்டகையும் எருக்குழியும் இருக்கும்.

இங்கே ஒரு பொறி உண்டு. வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் ஏறிக் குழியின் அடியைத் தொட்டால், கழிவின் அம்மோனியம் நைட்ரேட்டாக மாற ஆக்சிஜன் கிடைக்காது. அப்போது நைட்ரேட் குறைவாகக் காட்டும் கிணற்றைத் தூய்மையானது என்று சான்றளிப்பது தவறு. அம்மோனியத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும். மே மாதத்தில் ஒருமுறை, முதல் மழைக்குப் பின் ஒருமுறை, மழை ஓய்ந்தபின் ஒருமுறை. மண்ணையும் மேற்பரப்போடு விட்டுவிடாமல் 90 சென்டிமீட்டர் வரை அடுக்கடுக்காக எடுத்து, பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுபோய், பொட்டாசியம் குளோரைடு கரைசலில் சாறு இறக்க வேண்டும். ஈரமண்ணைப் பையில் கட்டி வெயிலில் வைத்தால், நுண்ணுயிரிகள் வழியிலேயே கணக்கை மாற்றி எழுதிவிடும்.

கடலோரத்தில் ஆய்வகமும் ஏமாறும். நைட்ரேட் மின்முனை மிகுதியான குளோரைடையும் நைட்ரேட்டாகப் படிக்கும். பழைய ஃபீனால் டைசல்ஃபோனிக் முறையிலோ, குளோரைடு இருப்பது நைட்ரேட் அளவைக் குறைத்துக் காட்டும். உள்நாட்டில் கழிவுநீருக்கு அடையாளமான குளோரைடு, கடல்நீர் ஊடுருவிய மணலில் எதையும் மெய்ப்பிக்காது. குளோரைடு–புரோமைடு விகிதம் உதவும். கடல்நீரில் அது எடைப்படி 290 அளவில் இருக்கும். வேதாரண்யம் உப்பளத்தில் உப்பு படியும்போது புரோமைடு தாய்நீரிலேயே தங்கிவிடுவதால், சமையலறை வழியாக வரும் கழிவில் இந்த விகிதம் உயர்ந்திருக்கும். நைட்ரஜன்-15 ஐசோடோப்பு யூரியாவையும் கழிவையும் பிரித்துக் காட்டும். மாட்டுச் சாணத்தையும் மனிதக் கழிவையும் பிரிக்காது. அதற்குக் கொல்லையை நடந்து பார்ப்பதே மலிவான வழி.

‘ஆழமாகப் போர் போடுங்கள்’ என்ற வழக்கமான அறிவுரை இங்கே ஆபத்து. மணல்மேட்டின் நன்னீர் உப்புநீர்மேல் மிதக்கும் வில்லை. கடல்மட்டத்துக்கு மேலுள்ள நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், கோட்பாட்டுப்படி அடியில் உப்புநீர் 40 மீட்டர் ஏறும். நீரைக் காய்ச்சுவதும் உதவாது. நீர் ஆவியாக, நைட்ரேட் அடர்த்தி கூடும். 1945இல் அமெரிக்க மருத்துவர் காம்லி விவரித்த, நைட்ரேட் நீரால் வரும் நீலக்குழந்தை நோயை நினைத்தால், பால்மாவு கரைக்க அந்த நீர் ஆகாது.

குழியை நகர்த்துவது எஞ்சுகிறது. கழிப்பறைக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மண்ணுக்கேற்ப 3 மீட்டர் அல்லது 10 மீட்டர் என்று சொல்லும் வழிகாட்டு நெறிகள் கிருமிகளை மனத்தில் வைத்தவை. மணல் கிருமியை வடிகட்டும், நைட்ரேட்டை வடிகட்டாது. எனவே மனையில் மூன்று இடங்களில் நீர்மட்டம் அளந்து, ஓட்டம் எப்பக்கம் என்று கண்டபின், கிணற்றுக்குக் கீழ்ப்போக்கில்தான் குழிக்கு இடம் குறிக்க வேண்டும்.