கறிக்கோழியும் ஈமுவும்

பல்லடம் பக்கம் கறிக்கோழி ஷெட் போட்ட குடும்பத்தையும், 2012-க்கு முன் பெருந்துறை சுசி ஈமு பண்ணையில் பணம் கட்டிய குடும்பத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் முதலில் வித்தியாசமே தெரியாது. இரண்டிலும் கம்பெனி குஞ்சு தரும், தீவனம் தரும், விவசாயி வளர்ப்பார். உடுமலைப்பேட்டையில் 1980-களில் தொடங்கிய சுகுணா போன்ற நிறுவனங்கள் ஒப்பந்த வளர்ப்பை ஊருக்கு நன்றாகப் பழக்கியிருந்தன. ஈமுவை ஜனங்கள் சட்டென்று நம்பியதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பேன்.

கறிக்கோழியில் விவசாயி குஞ்சுக்குக் காசு கட்டுவதில்லை. அவர் போட்ட முதல் சொந்த நிலத்தில் ஷெட்டாக நிற்கிறது. நாற்பது நாள் கழிந்ததும் லாரி வரும். எடை போட்டு ஏற்றுவார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. அது கட்டுப்படியாகவில்லை என்று வளர்ப்போர் போராடுவதும் உண்டு, நியாயம்தான். ஆனாலும் அந்தக் கூலி, கறி தின்கிறவர் கொடுத்த காசிலிருந்து வருகிறது.

ஈமுவில் ஆறு குஞ்சுக்கு ஒன்றரை லட்சம் கட்ட வேண்டியிருந்தது. மாதம் 6,000 ரூபாய், வருட போனஸ் 20,000, இரண்டு வருடம் முடிந்ததும் கட்டிய பணம் முழுசாகத் திரும்பும் என்றார்கள். ஒரு துண்டுக் காகிதம் போதும்: இரண்டு வருடத்தில் கம்பெனி கையிலிருந்து தருவது 1,84,000. வளர்ந்த ஈமு சுமார் நாற்பது கிலோ. ஆறும் சேர்ந்து 240. தீவனச் செலவை விட்டுவிட்டாலும் உயிர் எடை கிலோ 760 ரூபாய்க்கு மேல் விற்றாக வேண்டும். ஆட்டுக்கறியே அந்த விலையைத் தொடாத காலம் அது. ஈமுக்கறியை எந்தச் சந்தையில் பார்த்தோம்? எண்ணெய், முட்டை, தோல் என்று சொன்னதெல்லாம் நோட்டீஸோடு சரி. முந்தியவருக்குப் பிந்தியவர் பணம் போனது.

வீட்டுக்குள்ளும் வேறுபாடு உண்டு. கோழி ஷெட்டில் புருஷன், பெண்டாட்டி இருவரும் நிற்பார்கள். இன்று எத்தனை செத்தது, தீவனம் எத்தனை மூட்டை தீர்ந்தது என்பது அவளுக்கும் தெரியும். ஈமுவிலோ பறவையைக் கம்பெனியே வளர்க்கும், மாதப் பணம் மட்டும் வரும் என்று விஐபி திட்டமே இருந்தது. நகைக்கடன் வட்டி வருடத்துக்குப் பன்னிரண்டு சதவீதம், மாதப் பணம் மட்டுமே நாற்பத்தெட்டு சதவீதம் என்று கணக்குப் பார்த்தால் மனைவியின் சங்கிலி அடகுக்குப் போகத்தானே செய்யும்! கையெழுத்து ஒருவருடையது, நகை இன்னொருவருடையது.

2012 ஆகஸ்டில் சுசி கதவடைத்தது. தீவனமின்றித் தவித்த பறவைகளுக்கு அரசே இரை போட வேண்டியிருந்தது. முதலீட்டாளர் நலன் காக்கும் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழக்கு கோவை சிறப்பு நீதிமன்றத்துக்குப் போய், உரிமையாளருக்குச் சிறைத்தண்டனையும் கிடைத்தது. ஆனால் தீர்ப்பு வருவதற்குள் வருடங்கள் ஓடின. அடகு வைத்தவர்களுக்கு நகைக்கடன் வட்டியும் கூடவே ஓடியது.