பட்டியலின் கடைசிப் பெயர்: வியாஸ்காந்த் போன பாதையும் எங்கள் கரையோரமும்

2024 மே 8ஆம் திகதி இரவு கல்முனை பிரதான வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். தொலைக்காட்சியில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்கும் லக்னோவுக்கும் இடையிலான ஐ.பி.எல். போட்டி. ஹைதராபாத் அணியின் பந்துவீச்சாளர் ஒருவரைத் திரை காட்டியபோது கடைக்காரர் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "இவன் நம்மட ஆள்தானே காக்கா?" என்று என்னிடம் கேட்டார். "யாழ்ப்பாணத்துப் பொடியன்" என்றேன். "அப்ப நம்மட ஆள்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஆற்றத் தொடங்கினார்.

அந்தப் பொடியன் விஜயகாந்த் வியாஸ்காந்த். ஐ.பி.எல். தொடரில் அவருக்கு அது முதல் போட்டி. 4 ஓவர்கள் வீசி 27 ஓட்டங்களைக் கொடுத்தார், விக்கெட் இல்லை. லக்னோ 165 ஓட்டங்கள் எடுத்தது. ஹைதராபாத்தின் ட்ராவிஸ் ஹெட்டும் அபிஷேக் சர்மாவும் விக்கெட் இழப்பின்றி 9.4 ஓவர்களில் அதைத் துரத்தி முடித்தார்கள். அடுத்த நாள் பத்திரிகைகள் முழுவதும் அந்த இருவரும்தான். ஒரு லெக் ஸ்பின்னர் தன் முதல் போட்டியில் ஓவருக்கு 7 ஓட்டங்கூடக் கொடுக்காமல் நான்கு ஓவர்களை முடித்ததைப் பேச யாருக்கும் நேரமில்லை. பிந்தித் தெரிவாகும் வீரனின் வாழ்க்கையில் நடப்பது பெரும்பாலும் இதுதான். அவன் நன்றாக ஆடும் நாளில் பக்கத்தில் இன்னொருவன் அதைவிட நன்றாக ஆடிவிடுவான்.

வியாஸ்காந்த் அந்த அணிக்குள் ஏலத்தால் போனவர் அல்ல. 2023 டிசம்பர் ஏலத்தில் ஹைதராபாத் வாங்கிய இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் வனிந்து ஹசரங்க. விலை ஒன்றரைக் கோடி இந்திய ரூபா. ஹசரங்கவின் குதிக்கால் காயம் ஆறாததால் அவர் வரவில்லை. அவருக்குப் பதிலாக 2024 ஏப்ரலில், 50 இலட்சம் ரூபா என்ற அடிப்படை விலைக்கு வியாஸ்காந்த் எடுக்கப்பட்டார். இன்னொருவர் விழுந்ததால் திறந்த கதவு அது.

இப்படியான வீரர்களைப் பற்றி அமெரிக்காவில் நிறையப் பேசுவார்கள். அங்கே 'அமெரிக்கன் புட்போல்' என்றொரு விளையாட்டு உண்டு. பெயரில்தான் புட்போல், தோற்றத்தில் றக்பிக்குச் சொந்தம். கல்லூரிகளில் ஆடும் இளைஞர்களை ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதத்தில் தொழில்முறை அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்கின்றன. ஏழு சுற்றுகள், 250க்கு மேற்பட்ட பெயர்கள். முதல் சுற்றில் எடுக்கப்படுகிறவன் அன்றிரவே நட்சத்திரம். ஏழாம் சுற்றில் எடுக்கப்படுகிறவன் முகாமிலிருந்து எப்போது வீட்டுக்கு அனுப்பப்படுவோம் என்ற பயத்தோடு பையைக் கட்டியே வைத்திருப்பான்.

ஜூலியன் எடெல்மன் அப்படி ஒருவர். 2009ஆம் ஆண்டு ஏழாம் சுற்றில், 232ஆவது பெயராக, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி அவரை எடுத்தது. கல்லூரியில் அவர் பந்தை எறிபவர். அந்த அணியில் அந்த இடத்துக்கு ஏற்கெனவே டொம் பிரேடி இருந்தார். ஆகவே எறிபவரைப் பிடிப்பவராக மாற்றினார்கள். ஓடிப்போய்ப் பந்தை வாங்கும் அந்த இடத்துக்கு உயரமான, வேகமான ஆட்கள்தான் வழக்கம். எடெல்மன் உயரமும் இல்லை. முதலாம் ஆண்டில் 37 தடவை பந்தைப் பிடித்தார். இரண்டாம் ஆண்டில் 7. மூன்றாம் ஆண்டில் 4. அந்த ஆண்டு தடுப்பு ஆட்டக்காரர் பற்றாக்குறை வந்தபோது அங்கும் அவரை நிறுத்தினார்கள். எதிரணி உதைத்துவிடும் பந்தை வாங்கித் திரும்ப ஓடுவதும் அவருடைய வேலையாக இருந்தது. எலும்பு முறியக்கூடிய வேலை அது. இப்படி நான்கு ஆண்டுகள் கழித்து, முன்னிலை வீரர் ஒருவர் வேறு அணிக்குப் போனதால் இடம் காலியானது. 2013இல் எடெல்மன் 105 தடவை பந்தைப் பிடித்தார். 2019 பெப்ரவரியில் நடந்த சூப்பர் போல் இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் அவர்தான்.

எடெல்மனின் திறமையை விட அவருக்குக் கிடைத்த அந்த நான்கு ஆண்டுகளைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். நாலே நாலு தடவை பந்தைப் பிடித்த வீரனையும் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள அங்கே ஓர் அமைப்பு இருந்தது.

அவரைத் தெரிவு செய்த நாள் 2009 ஏப்ரல் 26. அந்த ஏப்ரல் எங்களுக்கு என்ன ஏப்ரல் என்று இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வன்னியில் சனம் கடற்கரை மணலில் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்த வாரங்கள். வியாஸ்காந்த்துக்கு அப்போது ஏழு வயது. 2001 டிசம்பரில் பிறந்தவர்.

அவர் படித்தது யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான 'வடக்கின் பெரும் போர்' கிரிக்கெட் போட்டி 1904இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் ஒரு லெக் ஸ்பின்னர் உருவாக இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்தப் போட்டிக்காகவாவது பாடசாலைகள் கடினப்பந்து அணியை வைத்திருக்க வேண்டும், பயிற்றுநரை வைத்திருக்க வேண்டும், பழைய மாணவர்கள் காசு அனுப்ப வேண்டும். மணிக்கட்டால் பந்தைச் சுழற்றுவது ஒரு நாளில் வராது. தையல் உள்ள பந்தை ஆயிரக்கணக்கில் எறிந்து பார்த்தால்தான் எது திரும்பும், எது எதிர்ப்பக்கம் போகும் என்பது விரலுக்குத் தெரியும்.

2020இல் லங்கா பிரீமியர் லீக் தொடங்கியது. கொரோனா காலம் என்பதால் எல்லாப் போட்டிகளும் பார்வையாளர் இல்லாத அம்பாந்தோட்டை மைதானத்தில். யாழ்ப்பாணத்தின் பெயரில் ஓர் அணி, ஜப்னா ஸ்டாலியன்ஸ். வெளிநாட்டு வீரர்களும் தென்னிலங்கை வீரர்களும் நிறைந்த அந்தப் பட்டியலின் அடியில் வடக்கு இளைஞர்கள் சிலரின் பெயர்களும் இருந்தன. ஊர்ப்பெயருக்கு ஒப்புக்குச் சேர்த்திருக்கிறார்கள் என்று நானும் அன்று நினைத்தவன்தான். ஆனால் டிசம்பர் 4ஆம் திகதி, 19 வயது நிறைய ஒரு நாள் இருக்கையில், வியாஸ்காந்த்தைக் களத்தில் இறக்கினார்கள். அவருடைய முதல் விக்கெட் அஞ்சலோ மெத்தியூஸ்.

அதே நாளில் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் இன்னொரு தமிழர் இந்தியாவுக்காகத் தன் முதல் ரி20 போட்டியை ஆடினார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன். ரெனிஸ் பந்தில் யோர்க்கர் பழகியவர். அந்தச் சுற்றுப்பயணத்துக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசப் போனவர், மற்றவர்கள் காயப்படக் காயப்பட உள்ளே வந்து, ஒருநாள், ரி20, டெஸ்ட் மூன்றிலும் ஒரே பயணத்தில் அறிமுகமானார். அப்போது அவருக்கு 29 வயது. 2024இல் ஹைதராபாத் அணியில் வியாஸ்காந்த்தோடு அவரும் இருந்தார். அணியில் வாஷிங்டன் சுந்தரும் இருந்தார். சுழற்பந்துப் பயிற்றுநர் முத்தையா முரளிதரன். எடுபிடி மொழி தேடாமல் தமிழிலேயே பந்துவீச்சைப் பேச நான்கு பேர். ஒரு வெளிநாட்டு அணிக்குப் போகும் யாழ்ப்பாணத்துப் பொடியனுக்கு அதுவும் ஒரு பலம்தான்.

2020க்கும் 2024க்கும் இடையில் அவர் சும்மா இருக்கவில்லை. யாழ்ப்பாண அணி 2020, 2021, 2022 என மூன்று தடவை கிண்ணத்தை வென்றது. பங்களாதேஷ் பிரீமியர் லீக்கில் சட்டோகிராம் அணிக்கு ஆடினார். 2023 ஒக்டோபரில் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக இலங்கைக்காகக் களமிறங்கினார். உலகக் கிண்ணம் தொடங்கவிருந்த வாரம் அது. முன்னணி வீரர்கள் இந்தியாவில் இருந்தார்கள்; ஹாங்சோவுக்குப் போனது இரண்டாம் வரிசை. இலங்கை 8 ஓட்டங்களால் தோற்றது. தேசிய அணியின் தொப்பியும் அவருக்கு இப்படி எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் கிடைத்தது. 2024இன் தொடக்கத்தில் எம்.ஐ. எமிரேட்ஸ் அணியில் சேர்ந்து நன்றாக வீசினார். அந்த அணியும் கிண்ணத்தை வென்றது. ஹைதராபாத் அழைப்பு வந்தது அதற்குப் பின்.

ஐ.பி.எல். தொடரில் அவருக்குக் கிடைத்தது மூன்று போட்டிகள். லக்னோவுக்குப் பிறகு பஞ்சாபுக்கு எதிராக ஒன்று. அதில் ஒரு விக்கெட். அடுத்தது அஹமதாபாத்தில் கொல்கத்தாவுக்கு எதிரான தகுதிப் போட்டி. அதன் பின் அணி சென்னைக்குப் போய் இறுதிப் போட்டி வரை ஆடியது. சேப்பாக்கம் மைதானத்தில், தமிழ்ச் சனத்துக்கு முன்னால், அவர் களமிறங்கவில்லை. வெளிநாட்டு வீரர் நால்வருக்குத்தான் இடம். ஹெட், மார்க்ரம், கிளாசன், கமின்ஸ் என்று எழுதினால் ஐந்தாவது பெயருக்கு இடம் முடிந்துவிடும். அந்த ஆண்டு முடிவதற்குள் ஹைதராபாத் ஐந்து வீரர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விடுவித்தது. அந்த ஐவரில் அவர் இல்லை.

எடெல்மனுக்கு நான்கு ஆண்டுகள். வியாஸ்காந்த்துக்கு மூன்று போட்டிகள்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை மாலையில் போய்ப் பாருங்கள். கடற்கரையிலும் வெறும் வளவுகளிலும் சந்தாங்கேணி மைதானத்திலும் பொடியன்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். கழகங்களுக்குக் குறைவில்லை; நோன்புப் பெருநாள் வந்தால் மென்பந்துச் சுற்றுப்போட்டிக்கும் குறைவில்லை. ஆனால் எல்லாம் ரெனிஸ் பந்து. கடினப்பந்துக்கு மெற்றிங் விரித்த ஆடுகளம் வேண்டும், காலுக்கும் கைக்கும் காப்பு வேண்டும், தலைக்கவசம் வேண்டும். ஒரு மீன்பிடிக் குடும்பம் அல்லது கைத்தறிக் குடும்பம் ஒரு பிள்ளைக்கு இதையெல்லாம் வாங்கிக் கொடுக்க முடியாது. 2004 டிசம்பர் 26 இந்தக் கரையில் வீடுகளை மட்டும் கொண்டு போகவில்லை. விளையாடிய இடங்களையும் விளையாடிய பிள்ளைகளையும் கொண்டு போனது. அதற்கு முன் 1990க்குப் பிறகு வந்த ஆண்டுகளில், தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றாக ஆடிய போட்டிகள் நின்றுபோயின. கல்முனையிலும் காரைதீவிலும் ஒரே மைதானத்தில் ஆடியவர்கள் ஒருவர் ஊருக்குள் மற்றவர் போகப் பயந்த காலம் அது.

எனக்கும் ஒரு கதை உண்டு. 17 வயதில் நானும் லெக் ஸ்பின் போட்டேன். கொழும்பில் ஒரு கழகம் இளம் வீரர்களைத் தெரிவு செய்கிறது என்று கேள்விப்பட்டு, வாப்பாவிடம் காசு வாங்கி இரவு பஸ்ஸில் போனேன். வழியில் எத்தனை சோதனைச் சாவடியில் இறங்கி ஏறினேன் என்பது நினைவில்லை. விடிந்ததும் நேரே மைதானம். சப்பாத்து இரவல். என் முறை வந்தபோது ஆறு பந்து வீசச் சொன்னார்கள். தையல் உள்ள புதுப் பந்தை நான் அதற்கு முன் நாலைந்து தடவைதான் கையில் பிடித்திருந்தேன். முதல் இரண்டும் வலைக்கு மேலால் போயின. மூன்றாவது விழுந்து நன்றாகத் திரும்பியது. ஆறு முடிந்ததும் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நான் பெரிய வீரனாக வந்திருப்பேன் என்று சொல்ல வரவில்லை, வந்திருக்க மாட்டேன். ஆனால் ஆறு பந்தில் அதைத் தீர்மானித்தார்கள்.

லங்கா பிரீமியர் லீக்கில் ஆடிய அணிகள் கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என்ற ஐந்து ஊர்களின் பெயரில். கிழக்கின் பெயரில் ஓர் அணி இல்லை. ஊர்ப்பெயருள்ள அணி ஒப்புக்காவது நாலு உள்ளூர்ப் பொடியன்களைப் பட்டியலின் அடியில் சேர்க்கும். அந்த ஒப்புக்குள்ளிருந்துதான் வியாஸ்காந்த் வந்தார். எங்கள் கரையோரத்துக்கு அந்த அடிவரிசை கூட இல்லை. அணி வர நாளாகும். அதுவரை கடினப்பந்து ஆடுகளங்களை எல்லா ஊரும் சேர்ந்து நடத்தலாம். பாண்டிருப்பும் மருதமுனையும் சாய்ந்தமருதும் காரைதீவும் தனித்தனியே செய்ய முடியாததை நான்கும் சேர்ந்தால் செய்யலாம். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் சுற்றுப்போட்டிக்குக் கிண்ணம் அனுப்புவதைக் குறைத்து ஒரு மெற்றிங்கும் ஒரு பயிற்றுநரின் மாதச் சம்பளமும் அனுப்பலாம். நடராஜன் தன் ஊரில் கட்டிய மைதானம் 2023 ஜூனில் திறக்கப்பட்டது. சின்னப்பம்பட்டி கல்முனையை விடப் பெரிய ஊர் அல்ல.

என் அயலில் 13 வயதில் ஒரு பொடியன் இருக்கிறான். லெக் ஸ்பின்தான். ரெனிஸ் பந்தில் கறுப்பு டேப்பை ஒரு வரியாக ஒட்டி, அதைத் தையல் என்று வைத்துக்கொண்டு பழகுகிறான். போன மாதம் அவனுக்கு ஒரு கடினப்பந்து வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்து, "மாமா, இதுக்கு பெட் பிடிக்க ஒருத்தரும் வாறாங்க இல்ல. சுவருக்குத்தான் போடுறன்" என்றான். சுவரில் அடித்துத் தையல் ஒரு பக்கம் கிளம்பியிருந்தது.