காற்று எங்கேயிருந்து வருது?

மலர்க்குழுவிலிருந்து போன் வந்தது. "ஹாஸ்டல் மெஸ், கேன்டீன் டீ, கட் அடித்த கதை எல்லாம் நிறையப் பேர் எழுதிட்டாங்க. நீங்க மெக்கானிக்கல்காரர், மாணவர்களுக்கு உருப்படியா ஏதாவது எழுதுங்க" என்றார்கள். உருப்படியாக எதை எழுதுவது என்று நான் முழித்துக்கொண்டிருந்த அதே வாரம், நம் கல்லூரியில் என்னைவிட இருபத்தைந்து வருடம் பின்னால் படித்த ஒரு தம்பி டெக்சாஸிலிருந்து கூப்பிட்டார்.

"ஏனுங்கண்ணா, டர்போ டீசல் பிக்கப் ஒண்ணு பழசா வாங்கியிருக்கேன். கம்பெனி ஏர் பில்டர் பெட்டியைக் கழட்டிட்டு வெளியில விக்கிற இன்டேக் கிட் போட்டா வண்டி இன்னும் நல்லா இழுக்குமுன்னு சொல்றாங்க. போடலாமுங்களா?"

அவருக்கு அன்று சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். பிக்கப் வண்டியே ஓட்டாத நண்பர்களும் தைரியமாகப் படிக்கலாம். இதில் வண்டி கொஞ்சம்தான், சரித்திரம்தான் அதிகம்.

நம் தெர்மல் லேப் ஞாபகம் இருக்கிறதா? மூலையில் அந்த ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். அதன் பக்கத்தில் பீரோ மாதிரி ஒரு தகரப் பெட்டி, பெட்டியில் ஆரிபிஸ் ஓட்டை, அதிலிருந்து ஒரு யு-டியூப் மானோமீட்டர். வைவாவில் சார் எல்லோரையும் மடக்கும் கேள்வி ஒன்றுதான்: "டீசல் டாங்கிலேர்ந்து வருது, தெரியும். காற்று எங்கேயிருந்து வருது?" "அட்மாஸ்பியர்லேர்ந்து சார்" என்று சொல்லிவிட்டு ஜீரோ வாங்கியவர்களில் நானும் ஒருவன். பெட்டி, குழாய், பில்டர் எல்லாம் தாண்டி எவ்வளவு இழப்போடு வருகிறது என்பதுதான் அவர் எதிர்பார்த்த பதில். ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரியக் குறைந்தது பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும். டர்போ, இன்டேக் கிட் எல்லாமே இந்தப் பத்தாயிரம் லிட்டரைப் பற்றிய கதைதான்.

மலை உச்சியில் ஒரு பரீட்சை

டர்போவின் மூலக் கருத்து சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்பிரட் பூக்கியுடையது. வீணாக வெளியே போகும் புகையின் சக்தியில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளலாம் என்று 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் ஊரறிய நிரூபித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இருந்த சான்ஃபோர்ட் மாஸ்.

முதல் உலகப் போர் நேரம். விமானம் மேலே போகப் போகக் காற்று மெலிந்து இன்ஜின் சோர்ந்துவிடும். மாஸ் என்ன செய்தார் தெரியுமா? 1918-ல் ஒரு லிபர்ட்டி விமான இன்ஜினை லாரியில் ஏற்றி, கொலராடோவில் பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே கொண்டு போய்விட்டார். உயரம் 14,000 அடிக்கு மேல். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஆறு பங்குதான். கடல் மட்டத்தில் 350 குதிரைசக்தி கொடுத்த இன்ஜின் அங்கே டர்போ இல்லாமல் 230-க்கு இறங்கியது. டர்போவை மாட்டியதும் 356! மெலிந்த காற்று இனிமேல் ஒரு சாக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

நான் முப்பது வருடமாக அந்த மலையடிவாரத்தில், கொலராடோ ஸ்பிரிங்ஸில்தான் குடியிருக்கிறேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் பைக்ஸ் பீக். ஊரே 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே டர்போ ஆடம்பரம் இல்லை, அவசியம்.

தூசி என்ற எதிரி

காற்று நிறைய வேண்டும் என்பது கதையின் ஒரு பாதி. மறுபாதி, அந்தக் காற்றோடு வரும் மண். தூசியில் இருக்கும் நுண்ணிய மணல்துகள் பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். அமெரிக்காவின் வறண்ட நிலங்களில் ஆரம்பகால டிராக்டர்கள் சீக்கிரமே செத்துப் போனதற்கு இது ஒரு பெரிய காரணம். டிராக்டர் விற்கப் போன பிராங்க் டொனால்ட்சன் என்பவர் இதைக் கண்டு, 1915-ல் மின்னசோட்டாவில் ஏர் கிளீனர் செய்ய ஆரம்பித்தார்.

ஆனால் பில்டர் போட்டால் காற்றுக்குத் தடை. தடையை எடுத்தால் தூசி. இந்த இழுபறி ஒரு போர்க்களத்திலேயே நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குப் போன ஸ்பிட்பயர் விமானங்களுக்கு மூக்குக்குக் கீழே வோக்ஸ் என்ற பெரிய பில்டர் மாட்டினார்கள். இன்ஜின் பிழைத்தது, ஆனால் விமானத்தின் வேகம் குறைந்தது. எதிரி விமானம் துரத்தும்போது வேகம் குறைந்தால் பைலட்டின் கதி என்ன? கடைசியில் எகிப்தின் அபுகீரில் இருந்த பிரிட்டிஷ் விமானப்படைப் பட்டறையிலேயே சின்னதாக, காற்றோட்டத்துக்கு இடைஞ்சல் குறைவாக ஒரு பில்டர் வடிவமைத்து மாட்டினார்கள். கம்பெனி போட்ட பெட்டியைக் கழற்றிவிட்டு நல்லதாக வேறொன்று போடும் வேலைக்கு இதைவிட கௌரவமான முன்னோடி எனக்குத் தெரியவில்லை. கவனியுங்கள், அவர்கள் பில்டரைத் தூக்கி எறியவில்லை. இரண்டையும் காப்பாற்றும் வழியைத் தேடினார்கள்.

டர்போ டீசலுக்கு இதே பாடம் 1952-ல் கிடைத்தது. இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்துக்கு கம்மின்ஸ் கம்பெனி ஒரு டர்போ டீசல் காரைக் கொண்டு வந்தது. 6.6 லிட்டர் லாரி இன்ஜினைப் படுக்க வைத்துச் செய்த கார். பிரெட் அகபாஷியன் ஓட்டி, மணிக்கு 138 மைல் வேகத்தில் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தார். டீசலா முதலிடம் என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பந்தயத்தில் 200 சுற்று. எழுபது சுற்று சொச்சத்தில் கார் வெளியேறிவிட்டது. இன்ஜின் உடையவில்லை, கியர் உடையவில்லை. முன்பக்கம் தாழ்வாக இருந்த டர்போவின் காற்று வாயை, பாதையில் பறந்த டயர் ரப்பர்த் துகள் அடைத்துவிட்டது! அத்தனை பெரிய இன்ஜினியர் கூட்டத்தை மடக்கியது நம் சார் கேட்ட அதே கேள்விதான்.

பெரிய பிக்கப்களின் காலம்

1989 மாடலில் டாட்ஜ் கம்பெனி தன் பெரிய பிக்கப்பில் கம்மின்ஸ் 5.9 லிட்டர் டர்போ டீசலை வைத்தது. 160 குதிரைசக்திதான், ஆனால் இழுவை 400 பவுண்டு-அடி. 1994-ல் ஃபோர்டு, 2001-ல் ஜெனரல் மோட்டார்ஸ் என்று ஆளாளுக்குப் புது டர்போ டீசல்களைக் கொண்டு வந்தார்கள். குதிரை லாயம், படகு, டிரெய்லர் வீடு எல்லாம் இழுக்கும் ஜனங்கள் இவற்றை விழுந்து விழுந்து வாங்கினார்கள்.

வண்டி பின்னால் உபதொழிலும் வந்தது. கலிபோர்னியாவில் கென் ஜான்சன், நார்ம் மெக்டொனால்ட் என்ற இருவர் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்களுக்கு எண்ணெய் தடவிய பருத்தித் துணி பில்டர் செய்து 1969-ல் கே அண்டு என் என்ற கம்பெனியைத் தொடங்கியிருந்தார்கள். அந்த வழியில் பல கம்பெனிகள் வந்தன. வழவழப்பான பெரிய குழாய், கூம்பு வடிவ பில்டர், இன்ஜின் சூட்டை மறைக்க ஒரு தடுப்பு: இதுதான் இன்டேக் கிட். சட்டமும் பின்னாலேயே வந்தது. கலிபோர்னியாவில் மாசு வாரியத்தின் உத்தரவு எண் இல்லாத கிட்டைப் போட்டு சாலையில் ஓட்டினால் புகை சோதனையில் மாட்டிக்கொள்வோம்.

சரி, கிட் வேலை செய்யுமா? லேப் கணக்கு ஒன்று போடுவோம். காற்று மண்டல அழுத்தம் தண்ணீர் அளவில் சுமார் 407 இஞ்ச். பில்டரும் குழாயும் தின்னும் இழப்பு 10 இஞ்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை முழுக்க ஒழித்தாலும் லாபம் இரண்டரை சதவீதம். அது காற்றில் லாபம், சக்தியில் அல்ல. டீசல் இன்ஜினில் சக்தியைத் தீர்மானிப்பது ஊற்றுகிற டீசல். காற்று ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. டீசலைக் கூட்டாமல் காற்றை மட்டும் கூட்டினால் புகைச்சூடு கொஞ்சம் இறங்கும், டர்போவின் விசில் சத்தம் நன்றாகக் கேட்கும், அவ்வளவே. ஆனால் பம்பைத் திருகி, பெரிய இன்ஜெக்டர், பெரிய டர்போ போட்டுக் காற்றோட்டத்தை இரட்டிப்பாக்கினால் இழப்பு நான்கு மடங்காகும். பத்து இஞ்ச் நாற்பது ஆகிவிடும். அப்போது பழைய பெட்டி நிஜமாகவே கழுத்தை நெரிக்கும். அங்கே கிட் நியாயமான செலவு.

என் சொந்தக் கதை

இதெல்லாம் தெரிந்துதான் நான் செய்தேனா? இல்லை. 2003-ல் என்னுடைய 1996 டாட்ஜ் பிக்கப்புக்கு ஒரு கிட் வாங்கி, ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில் நானே மாட்டினேன். விசில் சத்தம் கேட்டதும் வண்டியே பறக்கிற மாதிரி இருந்தது. டிரெய்லரை மாட்டிக்கொண்டு 11,000 அடி உயர ஐசனோவர் சுரங்கப்பாதை வரை ஏறிப் பார்த்தேன். முன்பு ஏறிய நேரத்துக்கும் இப்போதைய நேரத்துக்கும் வித்தியாசம் இல்லை. அப்போதும் மனசு ஒப்புக்கொள்ளவில்லை. "எதிர்க்காத்து அடிச்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டேன்.

எட்டு மாதம் கழித்து பழைய ஆயிலை சோதனைக்கு அனுப்பியபோது சிலிக்கன் அளவு பல மடங்கு ஏறியிருந்தது. சிலிக்கன் என்றால் மண். குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் துடைத்தேன். பில்டருக்கு அந்தப் பக்கம், சுத்தமாக இருக்க வேண்டிய இடத்தில், விரலில் மாவு மாதிரி ஒட்டியது. ரப்பர் இணைப்பில் ஒரு கிளாம்ப் சரியாக உட்காரவில்லை. டர்போ சக்கரத்தின் இலை விளிம்புகள் தேய்ந்திருந்தன. டர்போவை மாற்ற ஆன செலவு கிட்டின் விலையைப் போல மூன்று மடங்கு. விற்றவர் மேல் குற்றமில்லை. கிளாம்பை முறுக்கியது என் கை.

அன்று ராத்திரி கராஜில் உட்கார்ந்திருந்தபோது அப்பா ஞாபகம் வந்தது. எங்கள் டிராக்டரில் இருந்தது ஆயில் பாத் ஏர் கிளீனர். உழவு முடிந்து வந்தால் அப்பா முதல் வேலையாக அந்தக் கிண்ணத்தைக் கழற்றுவார். அடியில் கெட்டியாகச் சேறு தங்கியிருக்கும். வழித்துப் போட்டுவிட்டுப் புது எண்ணெய் ஊற்றி, கிளிப்பை இரண்டு தடவை அழுத்திப் பார்ப்பார். "இந்தச் சேறு வண்டிக்குள்ள போயிருந்தா என்னடா ஆகும்?" என்பார். அவர் படித்தது நாலாம் வகுப்பு. நான் அவர் உழுத காசில் இன்ஜினியரிங் படித்தவன். அந்த இரண்டாவது தடவை அழுத்திப் பார்ப்பதை மட்டும் கற்றுக்கொள்ளாமல் விட்டுவிட்டேன்.

டெக்சாஸ் தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: "கிட் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு பிளாஸ்டிக் டியூப் வாங்குங்க. யு மாதிரி வளைச்சுக் கொஞ்சம் தண்ணி ஊத்தி, ஒரு முனையை பில்டருக்கு அந்தப் பக்கம் செருகிக்குங்க. முழு லோடுல மேடு ஏறும்போது பக்கத்துல உட்கார்ந்தவரை அளவு பார்க்கச் சொல்லுங்க." அவர் செய்து பார்த்துவிட்டுப் போன் பண்ணினார். "ஒன்பது இஞ்ச்தானுங்கண்ணா. நம்ம லேப்ல பண்ணுன அதே சமாச்சாரம்!" பில்டரை மட்டும் புதிதாக மாற்றி, கிளாம்பை முறுக்கிவிட்டாராம்.

மாணவத் தம்பி தங்கைகளே, அந்தத் தகரப் பெட்டி இன்னும் லேப் மூலையில் இருந்தால் அலட்சியமாக ரீடிங் காப்பி அடித்துவிட்டுப் போகாதீர்கள். மலை உச்சிக்கு இன்ஜினை ஏற்றிய மாஸ் செய்ததும் அதே வேலைதான்: யாரோ சொன்னதை நம்பாமல் அளந்து பார்த்தார். சாருக்கு நான் சொல்ல வேண்டிய பதிலைச் சொல்ல எனக்கு இருபது வருடமும் ஒரு டர்போவும் ஆயிற்று. நீங்கள் வைவாவிலேயே சொல்லிவிடுங்கள்.

— 1984 மெக்கானிக்கல் பழைய மாணவன், கொலராடோ