வாட் ஹேவ் ஐ டன் டு டிசர்வ் திஸ்? (1987 தனிப்பாடல்)

'வாட் ஹேவ் ஐ டன் டு டிசர்வ் திஸ்?', இங்கிலாந்தின் பெட் ஷாப் பாய்ஸ் இரட்டையரும் டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டும் சேர்ந்து பாடிய மின்னணுப் பாப் பாடல். 1987 ஆகஸ்டில் தனிப்பாடலாக வெளிவந்தது; அடுத்த மாதம் வந்த 'ஆக்சுவலி' தொகுப்பிலும் இடம்பெற்றது. தயாரிப்பாளர் ஸ்டீபன் ஹேக்.

இரட்டையரான நீல் டெனன்ட், கிறிஸ் லோ இருவருடன் அமெரிக்கப் பாடலாசிரியர் ஆலி வில்லிஸும் சேர்ந்து எழுதியது. எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவின் புகழ்பெற்ற 'செப்டம்பர்' பாடலிலும் வில்லிஸுக்குப் பங்கு உண்டு. 1986இல் வந்த 'ப்ளீஸ்' என்ற இரட்டையரின் முதல் தொகுப்பிலேயே இந்தப் பாடல் வந்திருக்க வேண்டும். பெண் குரலுக்கு டஸ்டிதான் வேண்டும் என்பதில் டெனன்ட் உறுதியாக இருந்தார். 1969இல் வெளியான 'டஸ்டி இன் மெம்ஃபிஸ்' தொகுப்பின்மீது அவருக்கு அவ்வளவு பிரியம். அறுபதுகளின் நட்சத்திரமான டஸ்டியோ அப்போது கலிபோர்னியாவில் புகழ் மங்கி வாழ்ந்துகொண்டிருந்தார். முதலில் விஷயம் கைகூடவில்லை. கிடைத்த குரலை வைத்து முடித்துவிடாமல் பாடலையே ஒதுக்கி வைத்தார்கள். அந்தப் பிடிவாதம்தான் பாடலைக் காப்பாற்றியது.

பிறகு டஸ்டி சம்மதித்து லண்டனுக்கு வந்தார். பாடல் வரிகள் இருந்த தாளில் ஏற்கெனவே அடிக்கோடுகளும் குறிப்புகளும் போட்டு வைத்திருந்தார். தன்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு, உங்கள் குரலைத்தான் என்று பதில் வந்தது.

பாடலைக் கேட்டால் அந்தப் பதிலின் நியாயம் விளங்கும். டெனன்டின் பகுதி பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே, உணர்ச்சியை அடக்கிக்கொண்டு போகிறது. சிந்தசைசரும் டிரம் மெஷினும் இம்மி பிசகாமல் ஓடுகின்றன. மூச்சுக் கலந்த, லேசான கரகரப்புள்ள டஸ்டியின் குரல் நுழைந்ததும் மெட்டு மாறுகிறது. அதுவரை மறைத்து வைத்த ஏக்கமெல்லாம் வெளியே வருகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் தனி மெட்டு. வழக்கமான சரண அமைப்புக்குள் அடங்காத இந்தக் கட்டமைப்பு ஒட்டுப்போட்டதுபோல் தெரியாமலிருப்பதற்கு இரு குரல்களின் வேறுபாடே காரணம்.

பிரிட்டனில் பாடல் 2ஆம் இடம் பிடித்தது; முதலிடத்தை ரிக் ஆஸ்ட்லியின் 'நெவர் கான்னா கிவ் யூ அப்' விட்டுக்கொடுக்கவில்லை. அயர்லாந்தில் முதலிடம். 1988 தொடக்கத்தில் அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலிலும் 2ஆம் இடம். டஸ்டி அந்தப் பட்டியலில் எட்டிய மிக உயர்ந்த இடம் இதுதான். தன்னுடைய 'சன் ஆஃப் எ ப்ரீச்சர் மேன்' பாடலுக்குப் பிறகு பிரிட்டன், அமெரிக்கா இரு நாடுகளிலும் முதல் பத்துக்குள் அவர் வந்ததும் அப்போதுதான். 1988 பிரிட் விருது விழாவில் மூவரும் மேடையேறினர்.

ஒரு மூத்த பாடகிக்குச் செலுத்திய மரியாதையோடு இது நின்றுவிடவில்லை. இரட்டையர் எழுதி அவர் பாடிய 'நத்திங் ஹாஸ் பீன் ப்ரூவ்டு', 'இன் பிரைவேட்' ஆகிய இரண்டும் 1989இல் பிரிட்டனின் முதல் இருபதுக்குள் வந்தன. 1990இல் வெளியான டஸ்டியின் 'ரெப்யுடேஷன்' தொகுப்பில் அவை இடம்பெற்றுள்ளன.