ஏடு எங்கே போனது?



பாக்கெட் பாலைக் காய்ச்சி ஆற வைத்தால், மேலே மெல்லிய தோல் போல ஏதோ படிகிறது. பாட்டி காலத்துத் தடித்த ஏட்டைக் காணோம். கடையில் வாங்கிய கிரீமை அரை மணி நேரம் அடித்தாலும் கெட்டிப்படுவதில்லை. இரண்டுக்கும் நாம் சட்டென்று சொல்லும் காரணம் ஒன்றுதான்: கலப்படம். அந்தப் பழியை யார் மேலாவது போடுவதற்கு முன், கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் பாலுக்கு என்ன நடந்தது என்று பார்த்துவிடுவது நல்லது. தெரிந்துகொண்டால் உங்கள் கிரீமும் கெட்டிப்படும்.

நம் வழி தயிர் வழி

பால் கெட்டிப்படுவது நம் முன்னோருக்கு வெறும் சமையல் விஷயம் அல்ல. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில், ஆயர்பாடிக்குக் கேடு வரப்போகிறது என்பதற்கான அறிகுறிகளில் ஒன்று, குடத்தில் பிரை இட்ட பால் உறையாமல் போனது. உறியில் இருந்த வெண்ணெயை உருக்கப் போனால் அதுவும் உருகவில்லை. பால் தன் இயல்பில் நடக்கவில்லை என்றால் ஊருக்கே ஏதோ ஆபத்து என்று அஞ்சினார்கள்.

அங்கே பேசப்படுவது தயிரும் வெண்ணெயும்தான் என்பதைக் கவனியுங்கள். குளிர் நாடுகளில் பாலை அகன்ற தட்டுகளில் ஊற்றி இரவு முழுக்க அசையாமல் வைப்பார்கள். கொழுப்பு நீரைவிட இலேசானது என்பதால் தானாக மேலே மிதந்து வரும். அதை வழித்தெடுத்தால் கிரீம். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் அந்தப் பாலை இளஞ்சூட்டில் வைத்துப் பிறகு ஆற விட்டு, கட்டி கட்டியான கிரீம் எடுப்பார்கள். நம் வெயிலில் பச்சைப் பாலை அப்படி வைத்தால் விடிவதற்குள் திரிந்துவிடும். அதனால் நம் வீடுகள் வேறு வழியில் போயின. பாலைக் காய்ச்சி, உறைய வைத்து, வெயில் ஏறுவதற்கு முன் மத்தால் கடைந்து, வெண்ணெய் எடுத்து, அதை நெய்யாக உருக்கி வைத்தார்கள். கெடாமல் இருப்பது நெய்தான். கிரீம் நம் சமையலறைக்குப் புதிது. அதைக் கையாளும் பழக்கமும் புதிது.

மூன்று மாற்றங்கள்

முதலாவது, 1878இல் ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்டாஃப் டி லாவல் உருவாக்கிய கிரீம் பிரிக்கும் இயந்திரம். பாலை வேகமாகச் சுழற்றினால் கனமான பகுதி வெளிப்பக்கம் ஒதுங்கும், கொழுப்பு நடுவில் சேரும். ஒரு இரவு காத்திருந்து எடுத்ததை ஓடும் பாலிலிருந்தே எடுக்க முடிந்தது. எத்தனை சதவீதக் கொழுப்பு வேண்டும் என்று மனிதன் முடிவு செய்யத் தொடங்கியது இங்கேதான்.

இரண்டாவது, பிரான்ஸின் ஒகுஸ்த் கோலன் 1899இல் காப்புரிமை பெற்ற ஹோமோஜினைசர். பாலை மிகுந்த அழுத்தத்தில் நுண்ணிய இடுக்கு வழியாகச் செலுத்தினால் கொழுப்பு உருண்டைகள் பொடிப்பொடியாக உடையும். உடைந்தவை மேலே மிதந்து வராமல் பால் முழுக்கப் பரவியே இருக்கும். உங்கள் பாக்கெட்டில் 'ஹோமோஜினைஸ்டு' என்று அச்சிட்டிருந்தால் ஏடு எங்கே போனது என்பதற்கு விடை அதுதான். கொழுப்பு திருடு போகவில்லை, பாலுக்குள்ளேயே கலந்து நிற்கிறது.

மூன்றாவது மாற்றம் நம் நாட்டிலேயே பிறந்தது. 1946இல் பம்பாயில் டி. என். குரோடி டோன்டு பாலை அறிமுகப்படுத்தினார். கொழுப்பு மிகுந்த எருமைப் பாலில் கொழுப்பு நீக்கிய பால் பவுடரும் தண்ணீரும் சேர்த்து, ஒரே அளவு எருமைப் பாலை இன்னும் பல வீடுகளுக்குக் குறைந்த விலையில் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு அது. 1963இல் வர்கீஸ் குரியன், திரிபுவன்தாஸ் படேல் இருவரோடும் சேர்த்து அவருக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. ஏடு மெலிந்ததற்குப் பின்னால், அதுவரை பால் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு டம்ளர் பால் கிடைத்தது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

உறையைப் படியுங்கள்

இன்று பாலின் கெட்டித்தன்மையைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாது, உறையில்தான் படிக்க வேண்டும். டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், நிலைப்படுத்திய பாலில் 4.5, நிறைகொழுப்புப் பாலில் 6. ஆவின் பாக்கெட்டில் இவை முறையே நீலம், பச்சை, ஆரஞ்சு. ஒரு லிட்டர் ஆரஞ்சுப் பாலில் ஏறக்குறைய 60 கிராம் கொழுப்பு இருக்கிறது. அது முழுவதையும் பிரித்தெடுத்தாலும் 30 சதவீதக் கிரீம் 200 கிராம்தான் தேறும். நீலத்தில் அதில் பாதி.

கிரீமுக்கும் இதே கணக்குதான். அடித்தால் நுரைத்துக் கெட்டியாக நிற்பதற்குக் குறைந்தது 30 சதவீதக் கொழுப்பு வேண்டும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 'ஃப்ரெஷ் கிரீம்' 25 சதவீதம். அது குருமாவுக்கு ஏற்றது, கேக்கின் மேல் நிற்காது. பேக்கரி கேக்கின் மேல் நிமிர்ந்து நிற்பது பல நேரங்களில் பால் கிரீமே அல்ல, தாவரக் கொழுப்பு. உறையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

அடிப்பதாக இருந்தால் 30 சதவீதத்துக்கு மேல் உள்ள கிரீமை வாங்கி, கிரீம், பாத்திரம், அடிக்கும் கம்பி மூன்றையும் குளிர்பெட்டியில் சில்லென்று ஆக்குங்கள். சூட்டில் கொழுப்பு இளகிவிடும், காற்றைப் பிடித்து வைக்காது. நம் ஊர் மே மாதத்தில் பாத்திரத்துக்கு அடியில் ஐஸ் வைப்பது அவசியம். கெட்டியானதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அடித்தால் வெண்ணெய் திரண்டுவிடும்.

சமையலுக்கு என்றால் 25 சதவீதக் கிரீமைச் சிறு தீயில் கிளறிக்கொண்டே சுண்ட வையுங்கள். 100 கிராம் 71 கிராமாகக் குறைந்தால் அது 35 சதவீதக் கிரீம். இது கெட்டியாக இருக்குமே தவிர, அடிப்பதற்கு ஆகாது. புளிப்பு பரவாயில்லை என்றால், வெதுவெதுப்பான கிரீமில் ஒரு கரண்டித் தயிர் விட்டு உறைய வைத்து, மெல்லிய துணியில் கட்டிக் குளிர்பெட்டிக்குள் தொங்கவிடுங்கள். நீர் வடிந்து கரண்டியில் நிற்கும்.

பாத்திரமும் கணக்கில் உண்டு. மண்சட்டி நீரை உறிஞ்சுவதால் அதில் உறைந்தது இன்னும் கெட்டியாகும். மெருகிட்ட பீங்கான் உறிஞ்சாது, மணம் பிடிக்காது, பித்தளை போலப் புளிப்பால் களிம்பும் ஏறாது. ஆகவே கெட்டியாக்க மண், எடுத்து வைக்கப் பீங்கான். பீங்கானுக்குப் பேர்போன ஊரில் இருக்கும் நமக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: அலங்காரத்துக்கு என்று விற்கும் வண்ணப் பீங்கானில் புளிப்பான எதையும் வைக்காதீர்கள். அதன் மெருகில் ஈயம் இருக்கக்கூடும். உணவுக்கானது என்று கேட்டு வாங்குங்கள்.

கலப்படம் நடப்பதே இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சந்தேகம் வந்தால் பாலைப் பரிசோதனைக்குக் கொடுப்பது உங்கள் உரிமை. ஆனால் ஏடு படியவில்லை என்பது மட்டும் அதற்குச் சான்று ஆகாது. நாளைக் காலை பாக்கெட்டை வெட்டும் முன் அதில் உள்ள கொழுப்புச் சதவீதத்தை ஒரு தரம் படித்துவிட்டு வெட்டுங்கள்.