வேலூர் வட்டாரப் பொது நூலகங்கள்

வேலூர் வட்டாரப் பொது நூலகங்கள் என்பது தமிழ்நாட்டின் வடபகுதியிலுள்ள வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் தமிழ்நாடு பொது நூலகச் சட்டத்தின் கீழ் இயங்கும் நூலகங்களைக் குறிக்கும். 2019ஆம் ஆண்டு வரை இம்மூன்றும் ஒரே வேலூர் மாவட்டமாக இருந்தன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விசாரம் முதலிய ஊர்களை உள்ளடக்கிய தோல் தொழிற்பகுதியும், அதனைச் சூழ்ந்த வேளாண் சிற்றூர்களும், சவ்வாது மலை, ஏலகிரி மலை ஆகியவற்றிலுள்ள மலையூர்களும் இந்நூலகங்களின் சேவைப் பரப்பில் அடங்கும். இவற்றின் முதன்மையான வருவாய் சொத்துவரியுடனும் வீட்டுவரியுடனும் சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரியாகும். எனவே இப்பகுதியில் வீட்டுவரி செலுத்தும் ஒவ்வொரு குடும்பமும், நூலகத்தில் உறுப்பினராக இல்லாவிடினும், அதன் செலவில் பங்கு பெறுகிறது.

பின்புலம்

பிரிக்கப்படாத வேலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி 39,36,331 ஆகும். எழுத்தறிவு ஏறத்தாழ 79 விழுக்காடாக இருந்தது. மாவட்டத்தில் 20 ஊராட்சி ஒன்றியங்கள் இருந்தன. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிப் பெரிய ஊர்கள் பலவும் அமைந்திருக்க, சாலையிலிருந்து விலகிய சிற்றூர்களில் மக்கள் வேளாண்மை, பீடி சுற்றுதல், தோல் மற்றும் காலணித் தொழிற்சாலைக் கூலி வேலை ஆகியவற்றை நம்பி வாழ்கின்றனர். தமிழுடன் உருது, தெலுங்கு ஆகிய மொழிகளும் இங்கு வீட்டு மொழிகளாக வழங்குகின்றன.

வரலாறு

சென்னையில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் போன்ற சில நூலகங்களைத் தவிர, பொதுமக்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க நூலகங்கள் அக்காலச் சென்னை மாகாணத்தில் மிகக் குறைவு. 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன் (1892–1972) இச்சங்கத்தின் வழியே, நூலகத்தைச் சட்டத்தின் மூலம் நிலைநிறுத்த வேண்டும் என்று தொடர்ந்து வாதிட்டார். 1931 அக்டோபரில் மன்னார்குடி அருகே மேலவாசலில் மாட்டு வண்டியில் இயங்கும் நூலகம் தொடங்கப்பட்டது. நூலகத்தைத் தேடி வர இயலாத சிற்றூர் மக்களிடம் நூலகமே செல்ல வேண்டும் என்னும் கருத்துக்கு இது முன்னோடியாகக் கொள்ளப்படுகிறது.

தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. கோல்காப்பூர் சமத்தானம் 1945இலேயே நூலகச் சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது எனினும், விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் இதுவே. இச்சட்டம் 1950 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் கன்னிமாரா நூலகம் மாநில மைய நூலகமாயிற்று. மாவட்டங்கள்தோறும் நூலக ஆணைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. அக்காலத்தில் வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காடு மாவட்டம், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தையும் உள்ளடக்கிய பெரும்பரப்பாக இருந்தது.

தொடக்கத்தில் கல்வித்துறை இயக்குநரே நூலக இயக்குநர் பொறுப்பையும் வகித்தார். 1972இல் பொது நூலகங்களுக்குத் தனி இயக்ககம் ஏற்படுத்தப்பட்டது.

வட ஆற்காடு மாவட்டம் 1989 செப்டம்பர் 30 அன்று இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வேலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் எனப் பெயர் பெற்று, பின்னர் வேலூர் மாவட்டம் ஆனது. 2019 நவம்பர் 28 அன்று இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் இதிலிருந்து பிரிந்தன. இதனால் ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவை திருப்பத்தூர் மாவட்டத்திலும், வாலாசாப்பேட்டை, ஆற்காடு, மேல்விசாரம், அரக்கோணம் ஆகியவை இராணிப்பேட்டை மாவட்டத்திலும், குடியாத்தம், பேரணாம்பட்டு ஆகியவை வேலூர் மாவட்டத்திலும் அமைந்தன.

நிருவாகம்

சட்டத்தின்படி நூலக அமைப்பின் அடிப்படை அலகு மாவட்டமாகும். மாவட்ட நூலக ஆணைக்குழு, நூலகங்களைத் திறத்தல், பராமரித்தல், நூலக நிதியைக் கையாளுதல் ஆகிய பணிகளை மேற்கொள்கிறது. மாவட்ட நூலக அலுவலர் இதன் அன்றாட நிருவாகத்தைக் கவனிக்கிறார். மாநில அளவில் பொது நூலக இயக்குநர் மேற்பார்வை செய்கிறார்.

நூலக வரி

இங்கிலாந்தின் 1850ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம், உள்ளூர் வரியிலிருந்து நூலகத்துக்குச் செலவிட நகரங்களுக்கு இசைவளித்தது. உள்ளூர் வரியைக் கொண்டு நூலகம் நடத்தும் அக்கொள்கையே சென்னைச் சட்டத்திலும் இடம்பெற்றது. இந்திய மாநிலங்கள் அனைத்தும் இம்முறையைப் பின்பற்றவில்லை. எடுத்துக்காட்டாக, மகாராட்டிராவின் 1967ஆம் ஆண்டுச் சட்டம் நூலக வரி விதிக்கவில்லை. அங்கு நூலகங்கள் அரசு மானியத்தைச் சார்ந்துள்ளன.

தமிழ்நாட்டில் தொடக்கத்தில் சொத்துவரி ஒரு ரூபாய்க்கு 6 தம்பிடி (அரை அணா) வீதம் விதிக்கப்பட்ட நூலக வரி, படிப்படியாக உயர்த்தப்பட்டு ரூபாய்க்கு 10 காசு ஆயிற்று. அதாவது ஒரு கட்டடத்துக்குச் சொத்துவரி 1,000 ரூபாய் எனில், அதனுடன் 100 ரூபாய் நூலக வரியாகச் சேரும். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகியவை இதனை வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். வரி இரசீதில் இது தனி இனமாகக் குறிக்கப்படுவதுண்டு. இத்தொகையை நூலகப் பணி தவிர வேறெதற்கும் பயன்படுத்தலாகாது.

வரி ஊர்தோறும் வசூலிக்கப்பட்டாலும் நிதி மாவட்டம் முழுமைக்கும் பொதுவாகும். ஓட்டு வீடுகள் மிகுந்த சிற்றூரில் கிடைக்கும் நூலக வரி, அவ்வூர் நூலகத்துக்கு நாளிதழ் வாங்கவும் போதாது. 2008இல் மாநகராட்சியான வேலூரிலும், ஆம்பூர், வாணியம்பாடி போன்ற நகராட்சிகளிலும் கடைகள், வீடுகள், தொழிற்கூடங்கள் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் தொகையே சிற்றூர் நூலகங்களைத் தாங்குகிறது. ஆம்பூரை அடுத்த துத்திப்பட்டு போன்ற ஊராட்சிகளிலும் தோல் தொழிற்சாலைகள் உள்ளன. இவ்வாறு தோல் தொழிலால் வளர்ந்த நகரங்களின் வரி, அத்தொழிலுக்கு ஆட்களை அனுப்பும் சிற்றூர்களுக்கு நூல்களாகத் திரும்பிச் செல்ல இச்சட்டம் வழி செய்கிறது.

நூலக வகைகள்

தமிழ்நாடு முழுவதும் 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. இவை பின்வருமாறு வகைப்படுத்தப்படுகின்றன:

மாவட்ட மைய நூலகம்: மாவட்டத்தின் தலைமை நூலகம். இரவல் பிரிவு, குறிப்புதவிப் பிரிவு, குழந்தைகள் பிரிவு, போட்டித் தேர்வுக்குப் படிப்போருக்கான பிரிவு முதலியன இத்தகைய நூலகங்களில் இருக்கும். பிரிக்கப்படாத மாவட்டத்துக்கான மைய நூலகம் வேலூரில் அமைந்தது.

கிளை நூலகம்: நகரங்களிலும் பெரிய ஊர்களிலும் உள்ளது. இவற்றுள் முழுநேரக் கிளை நூலகங்கள் இடைவேளையின்றி இயங்குகின்றன. ஏனையவை காலையிலும் மாலையிலும் மட்டும் திறந்திருக்கும்.

ஊர்ப்புற நூலகம்: சிற்றூர்களுக்கானது. பெரும்பாலும் ஒரே நூலகர் திறப்பது, நூல் வழங்குவது, பதிவேடு எழுதுவது ஆகிய அனைத்தையும் செய்கிறார்.

பகுதிநேர நூலகம்: நாளில் சில மணிநேரம் மட்டும் இயங்குவது. ஊரார் இடமளிக்க முன்வரும் இடங்களில் தொடங்கப்படுவதுண்டு.

நடமாடும் நூலகம்: நிலையான நூலகம் இல்லாத ஊர்களுக்கு ஊர்தி மூலம் நூல் வழங்குவது. மாநிலத்தில் இவ்வகை நூலகங்கள் மிகச் சிலவே.

பொதுமக்கள் 1,000 ரூபாய் நன்கொடை அளித்து நூலகப் புரவலர் ஆகலாம். கூடுதல் தொகை அளிப்போர் பெரும்புரவலர், கொடையாளர் எனப்படுவர். நூலகங்களில் வாசகர் வட்டம் என்னும் அமைப்புகள் நூல் திறனாய்வு, மாணவர் போட்டிகள் முதலியவற்றை நடத்துகின்றன. நடமாட இயலாதோரின் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் நூல்களைக் கொண்டு செல்லும் நூலக நண்பர்கள் திட்டமும் அண்மை ஆண்டுகளில் செயற்படுத்தப்பட்டுள்ளது.

நூல் கொள்முதல்

நூல்கள் பெரும்பாலும் மாநில அளவில் மொத்தமாகத் தெரிவு செய்யப்பட்டு மாவட்டங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. தமிழ்ப் பதிப்புத் துறைக்கு இக்கொள்முதல் பெரும் ஆதரவாகும். எனினும் மையமாக வாங்கும்போது உள்ளூர்த் தேவை பின்தங்கும் வாய்ப்பு உண்டு. 2024இல் இணையவழிக் கொள்முதல் முறை கொண்டுவரப்பட்டது.

வாசகர்கள்

மாணவர்கள், அரசுப் பணித் தேர்வு எழுதுவோர், ஓய்வு பெற்றோர், நாளிதழ் படிக்க வருவோர் ஆகியோர் முதன்மையான பயனர்கள். ஆம்பூர்ப் பகுதிக் காலணித் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர். சிற்றூர்களிலிருந்து காலையில் பேருந்தில் புறப்பட்டு மாலையில் திரும்பும் இவர்களுக்கு, நூலக நேரமும் வேலை நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. கிளை நூலகங்களுக்கு வழக்கமாக வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அவை ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்திருக்கும். ஞாயிறு விடுமுறை பெறும் தொழிலாளர்களுக்கு இதுவே நூலகம் செல்லத்தக்க நாளாகும்.

உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோருக்குக் கல்விச் சங்கங்கள் நடத்தும் நிறுவனங்களின் நூலகங்கள் உதவுகின்றன. வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி (1919), மேல்விசாரம் சி. அப்துல் அக்கீம் கல்லூரி (1965), ஆம்பூர் மசுகருல் உலூம் கல்லூரி (1969) ஆகியவை இப்பகுதியின் குறிப்பிடத்தக்க கல்வி நிறுவனங்கள். ஆயினும் கல்லூரி நூலகங்கள் அந்நிறுவனத்தைச் சேர்ந்தோருக்கானவை. படிப்பை நிறுத்தி வேலைக்குச் சென்ற ஒருவர் உரிமையுடன் நுழையத்தக்கது பொது நூலகமே.

சவ்வாது மலையில் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, சார்த்தான்கொல்லை முதலிய மலை ஊராட்சிகள் உள்ளன. குடியிருப்புகள் சிதறியிருப்பதாலும் சாலை வசதிக் குறைவாலும் இங்கு நூலகச் சேவை அளிப்பது சமவெளியைக் காட்டிலும் கடினமாகும்.

ஊராட்சி நூலகங்கள்

2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ், மாநிலத்தின் 12,618 ஊராட்சிகளிலும் நூலகக் கட்டடம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. இவை ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வருபவை. பொது நூலகத் துறையின் ஊர்ப்புற நூலகங்களிலிருந்து இவை வேறானவை. ஊர்ப்புற நூலகத்துக்கு நூலகர், நூல் வரத்து, ஆணைக்குழு நிதி ஆகியன உண்டு. ஊராட்சி நூலகமோ ஊராட்சியின் அக்கறையைச் சார்ந்தது. பூட்டிய கட்டடம் நூலகமாகாது என்பதால், ஓர் ஊரில் நூலகம் உள்ளதா என்று கணக்கிடும்போது இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

சிக்கல்கள்

உள்ளாட்சி அமைப்புகள் தாம் வசூலித்த நூலக வரியை உரிய காலத்தில் செலுத்தாமல் நிலுவை வைப்பது தமிழ்நாடு முழுவதும் நெடுங்காலமாகப் பேசப்படும் சிக்கலாகும். மக்கள் வரியைச் செலுத்திவிட்ட போதிலும் நூல்களும் பணியாளர்களும் வந்து சேராத நிலை இதனால் ஏற்படுகிறது. நகரங்களில் நிலுவை சேரும்போது முதலில் பாதிக்கப்படுவது, தனக்கெனப் போதிய வரி வருவாய் இல்லாத ஊர்ப்புற நூலகமே.

மாவட்டப் பிரிவினையும் இதனுடன் தொடர்புடையது. சட்டம் மாவட்டத்தையே நிதி அலகாகக் கொண்டிருப்பதால், எந்த நகரத்தின் வரி எந்தச் சிற்றூருக்குப் பயன்படும் என்பதை மாவட்ட எல்லையே தீர்மானிக்கிறது. ஆகவே எல்லைகள் மாறும்போது, வருவாய் மிகுந்த நகரங்களும் வருவாய் குறைந்த மலையூர்களும் எவ்வாறு பிரிகின்றன என்பது நூலகங்களின் எதிர்காலத்தைப் பொறுத்தவரை முக்கியமானதாகும்.

இவற்றையும் பார்க்க

தமிழ்நாடு பொது நூலகத் துறை
சீ. இரா. அரங்கநாதன்
கன்னிமாரா பொது நூலகம்
வட ஆற்காடு மாவட்டம்
ஆம்பூர்